எட்டாத இடத்து ப்ளோயர் மோட்டார்: புதுசா, புதுப்பேட்டையா, ரிப்பேரா?

ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலில் அதன் பெயர் ஹீட்டர் ப்ளோயர் மோட்டார். சென்னையில் வண்டி ஓட்டும் நமக்கு அதுதான் ஏசி காற்றைத் தள்ளும் மோட்டார். அது நின்றுவிட்டால் கம்ப்ரஸர் நன்றாக இருந்தும், கேஸ் முழுசாக இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. குளிர்ச்சி கூலிங் காயிலோடு நின்றுவிடும், கேபினுக்குள் வராது. கத்திரி வெயிலில், அண்ணா சாலை நெரிசலில், கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். முன்கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஆவியை விரட்டக் காற்று வேண்டும். காற்று இல்லையென்றால் ஒரு கையில் துணியும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக ஓட்டும் நிலை வரும், அது ஆபத்து. ஆகவே இதை வசதி சம்பந்தப்பட்ட ரிப்பேர் என்று தள்ளிப்போடக் கூடாது.

மோட்டார் போய்விட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: புதுசு வாங்குவதா, பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் பழசு பார்ப்பதா, இருப்பதையே கழற்றி உள்ளே தேயும் பாகங்களான கார்பன், புஷ் மாற்றி ஓட்டுவதா? பதில் உங்கள் வண்டியைப் பொறுத்தது. மாருதி 800 என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, கிளவ் பாக்ஸ் பக்கம் கைவிட்டால் மோட்டார் கிடைத்துவிடும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பிற்பாடு மாட்டிய ஏசி யூனிட் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும். ப்ளோயரும் அதற்குள்ளேயே இருக்கும். இந்த மாதிரி வண்டிகளில் எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். சரிப்படவில்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழற்றிக்கொள்ளலாம்.

மெர்சிடிஸ் டபிள்யூ124 அப்படிப்பட்ட வண்டி இல்லை. ஐரோப்பாவில் 1984 கடைசியில் வெளிவந்த இந்த மாடல்தான் 1995-ல் டெல்கோவோடு (பிற்பாடு டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து புனேயில் மெர்சிடிஸ் அசெம்பிள் செய்ய ஆரம்பித்த முதல் கார். இ220 பெட்ரோலும் இ250 டீசலும் சென்னைத் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. இதன் ப்ளோயர் டேஷ்போர்டுக்குள் இல்லை. என்ஜினுக்குப் பின்னால், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில், வைப்பர் மெக்கானிசத்துக்கு நேர் அடியில் படுத்திருக்கிறது. இந்த வண்டிக்கு ஒரே வைப்பர். அது சுழலும்போது நீண்டு சுருங்கி, கண்ணாடியின் இரண்டு மேல் மூலைகளையும் எட்டித் துடைக்கும். அருமையான வேலைப்பாடு. ஆனால் அந்தக் கியர் பெட்டி, மோட்டார், ராடு எல்லாம் சேர்ந்த கனமான அசெம்பிளியை வெளியே எடுத்தால்தான் ப்ளோயர் பெட்டியின் மூடி கண்ணுக்குத் தெரியும்.

வேலை போகும் வரிசை இது. பேனட்டைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இந்த வண்டியில் அதற்குத் தனியாகவே வசதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ரப்பர் பீடிங், காற்று உள்ளே போகும் பிளாஸ்டிக் கிரில்கள், வைப்பர் அசெம்பிளி, ப்ளோயர் பெட்டி மூடி. கடைசியாக மோட்டாரைப் பிடித்திருக்கும் பட்டையைத் தளர்த்தினால், இருபக்கமும் விசிறி உருளைகளோடு மோட்டார் கைக்கு வரும். பழகிய மெக்கானிக் காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார். முதல் தடவை செய்பவர் ஒரு முழு நாளை ஒதுக்கிவிட வேண்டும். முப்பது வருஷம் என்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும். 1990-களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் வண்டிகளில் என்ஜின் வயரிங்கின் மேல்தோல் நொறுங்குவதும் ஊரறிந்த பிரச்சினை. அந்த வயர்களை ஒட்டித்தான் கை போக வேண்டியிருக்கும்.

அதனால் என் கருத்து இதுதான்: மோட்டாரின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மறுபடி ஒருமுறை அதைத் திறக்க வேண்டி வருமா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கூலியும் உடைகிற கிளிப்புகளும் போகிற நாளும் எந்த மோட்டாரைப் போட்டாலும் ஒன்றுதான். மலிவாகக் கிடைத்த மோட்டார் அடுத்த சித்திரையில் மறுபடி கத்த ஆரம்பித்தால், அந்த மலிவுக்கு நீங்கள் இரண்டு கூலி கொடுத்திருப்பீர்கள்.

ஆனால் மோட்டார்தான் குற்றவாளி என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பழைய ஃப்யூஸ்களில் முடி அளவு விரிசல் விழுந்திருக்கும். இடத்தில் இருக்கும்போது பார்த்தால் முழுசாகவே தெரியும். அடுத்து ரெகுலேட்டர். விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் இந்தச் சாமானும் அதே பெட்டிக்குள்தான், மோட்டார் தள்ளும் காற்றில் சூடு தணியும்படி வைத்திருக்கிறார்கள். சாதாரண ரெசிஸ்டர் வைத்த வண்டிகளில் முழு வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் நின்றுபோனால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால், மூடியைத் திறந்ததும் மோட்டாரின் இரண்டு வயரையும் பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு. சத்தமில்லாமல் சீராக ஓடினால் மோட்டாரைத் தொடாதீர்கள்.

மோட்டார் தன் குறையைத் தானே முன்கூட்டிச் சொல்லும். ஈரமான காலையில் வண்டியை எடுத்ததும் எலி கத்துவது போல ஒரு கீச்சொலி. இரண்டு தெரு தாண்டுவதற்குள் அடங்கிவிடும். அது புஷ் வறண்டுவிட்டதன் அடையாளம். சில நாள் ஓடாமல் நின்று, ப்ளோயர் இருக்கும் பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் ஓட ஆரம்பித்தால் கார்பன் தேய்ந்து ஸ்பிரிங் எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஃப்யூஸ் அடிக்கடி எரிந்தால் மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது. இந்த மூன்றாவது நிலை வரைக்கும் விட்டுவிடாதீர்கள். இறுகிய மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக் கொடுத்தே ரெகுலேட்டரும் கருகிப்போகும்.

சரி, மோட்டார்தான் என்று உறுதியாகிவிட்டது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ரிப்பேர், ஏனென்றால் சென்னையில் இதற்குக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டார்ட்டரும் டைனமோவும் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை ஏறக்குறைய எல்லாப் பேட்டையிலும் உண்டு. ஆர்மேச்சர் (செம்புக் கம்பி சுற்றிய, சுழலும் பாகம்) கட்டத் தெரிந்தவர்களும், கம்யூட்டேட்டரை (அதன் முனையில் கார்பன் உரசும் செம்பு வளையம்) லேத்தில் கொடுத்து மழித்து வாங்கத் தெரிந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். மோட்டார் 12 வோல்ட் டிசி. உள்ளே காந்தம், ஆர்மேச்சர், இரண்டு கார்பன், இரண்டு முனையிலும் எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ். தேய்வது கார்பனும் புஷ்ஷும்தான். கம்யூட்டேட்டர் பள்ளம் விழாமல் இருந்தால், ஒழுங்காகச் செய்த ரிப்பேர் நீடித்து உழைக்கும்.

ரிப்பேர் நீடிக்காமல் போகும் இடங்களைச் சொல்கிறேன். கார்பன் அளவுக்குச் சரியாகக் கிடைக்காதபோது வேறொன்றை அரத்தால் தேய்த்துப் போடுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கூட்டுக்குள் அது தானாக வழுக்கி இறங்க வேண்டும். ஒரு பக்கம் சிக்கினாலும் சில மாதத்தில் பொறி பறந்து கம்யூட்டேட்டர் கருத்துவிடும். பற்றவைப்பும் முக்கியம். கார்பனின் செம்பு வாலை ஈயம் வைக்கும்போது சூடு அதிகமானால் கூட்டின் பிளாஸ்டிக் உருகிச் சாய்ந்துவிடும். புஷ் மாற்றாமல் வெளியிலிருந்து நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் தருவதை ரிப்பேர் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கீச்சொலி கொஞ்ச நாள் அடங்கும், உண்மைதான். அதிகமாகிவிட்டால் அந்த எண்ணெயே கம்யூட்டேட்டருக்கு நகர்ந்து, கார்பன் தூளோடு குழைந்து கரும்பசையாகிவிடும். டபிள்யூடி-40 அடிப்பதோ இன்னும் கெடுதல். புஷ்ஷில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு அது ஆவியாகிப் போய்விடும்.

விசிறி உருளைகளைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவை ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றப்பட்டவை. பழைய பிளாஸ்டிக் என்பதால் பிடித்து இழுத்தால் நடுக்குடம் பிளந்துவிடும். உருளையின் விளிம்பில் சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகள் செருகியிருக்கும். அழுக்கு என்று நினைத்து அவற்றை எடுத்துவிடக் கூடாது. பேலன்ஸுக்காக ஃபேக்டரியில் போட்டவை அவை. ஒன்று விழுந்தாலும் வேகம் ஏற ஏற டேஷ்போர்டு முழுக்க அதிரும். கழற்றுவதற்கு முன் எது இடது, எது வலது, ஷாஃப்டில் எந்த நிலையில் நின்றது என்று பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டைக்கு வருவோம். பழைய வண்டி ஆட்களுக்கு அது கோயில் மாதிரி, எனக்கும்தான். கிரில், வைப்பர் ராடு, கிளிப், சுவிட்ச் என்று வேறெங்கும் கிடைக்காத சாமான்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆனால் ப்ளோயர் மோட்டாருக்கு அங்கே போவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். காரணம் எளிது: அங்கே கிடைக்கும் மோட்டாரும் உங்கள் மோட்டார் மாதிரியே முப்பது வருஷம் ஓடியது. அதன் புஷ்ஷும் கார்பனும் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது.

ஒருமுறை நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போனபோது கடைக்காரர் ஒரு மோட்டாரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். “எந்த வண்டியில கழட்டினது பாய்?” என்று கேட்டேன். “நல்லா ஓடிட்டிருந்த வண்டி சார், பின்னாடி இடிச்சு வந்தது” என்றார். தரையில் கிடந்த பேட்டரியில் வயரை வைத்துக் காட்டினார், ஜோராகத்தான் ஓடியது. உருளையைத் திருப்பி இதழ்களுக்கு நடுவே டார்ச் அடித்தேன். ஒவ்வொரு இதழின் அடியிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சாலைத் தூசி என்றால் ஊதினால் போகும். இது நகத்தால் சுரண்டினால்தான் உதிர்ந்தது. தண்ணீரில் மூழ்கிய வண்டியின் மோட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றின் சாமான்களும் சுற்றி வந்து சந்தைக்குத்தான் சேரும். பேட்டரியில் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது இதற்குப் போதாது.

அவசரத்துக்கு அங்கேதான் வாங்க வேண்டும் என்றால் இவற்றைப் பாருங்கள். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். கையால் சுழற்றிவிட்டால் மெதுவாகச் சுற்றி நிற்க வேண்டும், சட்டென்று பிடிக்கக் கூடாது. காற்றுத் துளை வழியாகத் தெரியும் கம்யூட்டேட்டர் செம்பும் பழுப்புமாக மின்ன வேண்டும். கருப்பாகப் பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும், வாங்கியதை நேராக வண்டியில் மாட்டாமல் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து கார்பனும் புஷ்ஷும் புதுசு போட்டபின் மாட்டுங்கள். அதற்கு உங்கள் பழைய மோட்டாரையே ரிப்பேர் செய்திருக்கலாமே என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், உங்களுடைய ஆர்மேச்சர் எரிந்திருந்தாலோ உருளை உடைந்திருந்தாலோ மட்டுமே புதுப்பேட்டை மோட்டாருக்கு வேலை இருக்கிறது.

புதுசில் இரண்டு ஜாதி உண்டு. மெர்சிடிஸ் பெட்டியிலோ, பெஹர் மாதிரி காலம்காலமாக ஹீட்டர், ஏசி பாகங்கள் செய்யும் கம்பெனியின் பெட்டியிலோ வருவது ஒன்று. பெயரே கேள்விப்படாத பெட்டியில் வருவது இன்னொன்று. இரண்டாவதன் விலையைப் பார்த்தால் ஆசை வரும். வரட்டும், ஆனால் வாங்காதீர்கள். பேலன்ஸ் சரியில்லாமல் அதிர்வது, உருளை ஒரு மயிரிழை பெரிதாக இருந்து பெட்டிச் சுவரில் உரசுவது, இழுக்கும் கரண்ட் மாறுபட்டு ரெகுலேட்டரைச் சூடாக்குவது என்று அதில் வரும் கோளாறுகள் எல்லாம் மூடியை மூடி, வைப்பரை மாட்டி, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே தெரியவரும். கிளவ் பாக்ஸுக்குக் கீழே மோட்டார் இருக்கும் வண்டிக்கு அது பரவாயில்லை. இதற்கு ஆகாது.

நல்ல புதுசுக்கு விலை அதிகம், காத்திருப்பும் அதிகம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஆர்டர் கொடுத்து வரவழைக்கலாம். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். ஆர்டர் கொடுக்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் நம்பரைக் கொடுங்கள். ஏசி வண்டி, ஏசி இல்லாத வண்டி, தயாரான வருஷம் என்று சாமான் மாறக்கூடும். உருளைகளோடு சேர்ந்து, பேலன்ஸ் செய்து வரும் முழு மோட்டாராகவே வாங்குங்கள். மேலே சொன்ன உருளை கழற்றும் தலைவலி அத்தோடு தீர்ந்தது.

வேறொரு காரின் மோட்டாரைப் பட்டை வெல்ட் செய்து உள்ளே உட்கார வைப்பதையும், டேஷ்போர்டுக்குக் கீழே தனி ஏசி யூனிட் தொங்கவிடுவதையும் சில பட்டறைகள் பரிந்துரைக்கும். முதலாவதில் இரண்டு பக்க ஷாஃப்ட் உள்ள மோட்டார் பொருந்துவதே கடினம். இரண்டாவது, அந்த டேஷ்போர்டுக்குச் செய்யும் அநியாயம். இரண்டையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆக, தினமும் ஆபீஸுக்கு ஓடும் வண்டி என்றால் நல்ல கம்பெனிப் புதுசைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். மாதத்துக்கு இரண்டு முறை ஈசிஆரில் மகாபலிபுரம் வரை போய்வரும் வண்டி, கம்யூட்டேட்டரும் சுத்தமாக இருக்கிறது என்றால், நம்பிக்கையான கையில் கொடுத்துச் செய்யும் ரிப்பேர் தாராளமாகப் போதும். தேய்வதற்கு அது ஓடும் நேரமே குறைவு. ஆனால் திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் வெளியில் நிற்கும் வண்டி என்றால், எவ்வளவு குறைவாக ஓடினாலும் புதுசு பக்கமே நான் சாய்வேன். உப்புக்காற்று வண்டி ஓடும் நேரத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஷாஃப்ட் துருப்பிடித்துவிட்டால் புது புஷ்ஷையும் அது அரித்துவிடும்.

யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அந்தக் காலத்து பென்ஸ்களையே பார்த்துப் பழகிய தனி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஏசி மெக்கானிக்கிடம் மட்டும் விட்டால் டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். இந்த வண்டியில் வழி மேலே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்களே செய்வதாக இருந்தால் மார்கழி, தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், பிளாஸ்டிக் கையைச் சுடாது, ஏசி இல்லாமல் இரண்டு நாள் வண்டி நின்றாலும் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மேலே இருப்பது வைப்பர் மோட்டார், தெரியாமல் சுழன்றால் விரலை நசுக்கிவிடும்.

திறந்த பிறகு மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். அந்தப் பள்ளம்தான் நம் ஊர் மரங்களின் குப்பைத்தொட்டி. வேப்பிலை, தூங்குமூஞ்சிப் பூ, புங்கங்காய் எல்லாம் கிரில் வழியாக இறங்கி மக்கி மண்ணாகி, தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை அடைத்திருக்கும். அப்புறம் ஒரு பெரிய மழையில் அந்தத் தண்ணீர் ப்ளோயர் பெட்டிக்குள்ளேயே ஏறும், அங்கிருந்து கார்ப்பெட்டுக்கு இறங்கும். மோட்டார் சீக்கிரம் போனதற்கே பாதி வண்டிகளில் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடுக்குமாடி பார்க்கிங்கில் நிற்கும் வண்டி என்றால் எலிக்கூடும் இருக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய வேகத்தில் அது வண்டிக்கு அடியில் வந்து விழ வேண்டும். வைப்பர் கியருக்குப் புது கிரீஸ், காய்ந்து வெடித்த ரப்பர் பீடிங்குக்கு மாற்று, ரெகுலேட்டர் கனெக்டரில் பழுப்பேறியிருந்தால் புது டெர்மினல் எல்லாம் இந்த ஒரே திறப்பில் முடிய வேண்டிய வேலைகள்.

மூடியை மூடுவதற்கு முன் மோட்டாரை எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். வயர் இரண்டும் இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் காற்று வரும், ஆனால் சோகையாக வரும். இந்த வகை உருளை விசிறி எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓரளவு காற்றை அதே வழியில்தான் தள்ளும். இது தெரியாமல் கேஸ் குறைவு, கூலிங் காயில் அடைப்பு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். முழு வேகத்தில் மோட்டார் டெர்மினலில் மீட்டர் வைத்து, பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். நிறைய குறைந்தால் கோளாறு ரெகுலேட்டரிலோ வயரிலோ மிச்சம் இருக்கிறது.

புதுசு போட்டவர்கள் கழற்றிய பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அவசரம் ஏதும் இல்லாத ஒரு நாளில் அதை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து கார்பனும் புஷ்ஷும் மாற்றி, துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். இந்த வண்டிகளுக்கு நல்ல மோட்டார் வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டே போகிறது. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், கத்திரி வெயிலில் உங்களைக் கூப்பிடப் போகும் இன்னொரு டபிள்யூ124 காரருக்கு அது தேவைப்படும்.